நேருக்கு நேர்

இரண்டாவது தட்டு சின்னவளின் காதை உரசிக்கொண்டு போய்ச் சுவரில் மோதி, கீழே விழுந்து சுழன்றது. முதல் தட்டு ஏற்கெனவே ஜன்னல் கண்ணாடியைப் பதம் பார்த்திருந்தது.

"எங்கடி அவ?" அப்பா கத்தினார்.

"கடைக்குப் போயிருக்காப்பா."

அம்மா கடைக்குப் போகவில்லை. அப்பாவுக்கு நேர் எதிரே, கை நீட்டினால் தொட்டுவிடும் தூரத்தில், மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். அப்பா அவளைப் பார்த்துத்தான் கத்திக்கொண்டிருந்தார். அவருக்குத் தெரியவில்லை.

அப்பா மர மில்லில் முப்பது வருஷம் ரம்பம் ஓட்டியவர். பலகையில் போட்ட கோட்டை நூல் பிசகாமல் அறுப்பதில் அவரை மிஞ்ச அங்கே ஆள் கிடையாது. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் அந்தக் கோடு அவர் கண்ணுக்கு வளைந்து தெரிந்தது. கோடு போட்ட தொழிலாளியை, "குடிச்சிட்டு வந்து கோடு போட்டியாடா?" என்று கேட்டு, கையிலிருந்த மரச்சட்டத்தால் வாயிலேயே அடித்தார். அந்த ஆளுக்கு மூன்று பற்கள் போயின. முதலாளி அளவுகோலை வைத்துக் காட்டினார். கோடு நேராகத்தான் இருந்தது. அன்றோடு வேலை போயிற்று.

கண் ஆஸ்பத்திரிக்குச் சின்னவள்தான் கூட்டிக்கொண்டு போனாள். டாக்டர் கட்டம் போட்ட ஒரு தாளைக் கொடுத்து, நடுவில் இருக்கும் புள்ளியைப் பார்க்கச் சொன்னார். "புள்ளியே இல்லாம என்னத்தப் பாக்கறது?" என்று அப்பா தாளைக் கசக்கி எறிந்தார். கண்ணுக்குள் ஊசி போட்டால் இதற்கு மேல் கெடாமல் பார்க்கலாம் என்று சொன்னதும், நாற்காலியை எட்டி உதைத்துவிட்டு வெளியே போய்விட்டார்.

டாக்டர் சின்னவளிடம் மெதுவாகச் சொன்னார். "விழித்திரையோட நடுப்பகுதி அழிஞ்சுக்கிட்டு வருதும்மா. முழுசா இருட்டாயிடாது. சுத்தி ஓரமெல்லாம் தெரியும், நடமாடுவார். ஆனா நேரா பாக்கறது மட்டும் தெரியாது. எதிர்ல நிக்கறவங்க முகமே தெரியாம போயிடும். மனசுக்கு ரொம்பக் கஷ்டமான நோய் இது. வீட்ல கொஞ்சம் அனுசரிச்சுப் போங்க."

அவர் சொன்னதில் மற்றதெல்லாம் சின்னவளின் காதில் விழுந்ததோ என்னவோ, 'எதிரே நிற்பவர்கள்' என்பது மட்டும் விழுந்தது. அன்று சாயங்காலம் சமையலறையில் அம்மாவின் காதில் சொன்னாள்.

"இனிமே ஓடாதம்மா. மூலையில போய் ஒளியாத. மூலைதான் அவருக்கு நல்லாத் தெரியும். நேரா நில்லு. அவர் பாக்கற இடத்துலயே நில்லு."

அம்மா நம்பவில்லை. இருபத்தெட்டு வருஷமாக ஓடிய கால்கள். பிறகு ஒருநாள் இடுப்பு பெல்ட்டை உருவிக்கொண்டு அப்பா வந்தபோது ஓட இடமில்லாமல் நின்றுவிட்டாள். பெல்ட் பக்கத்திலிருந்த தண்ணீர்க் குடத்தை அடித்தது. அம்மாவின் மேல் படவில்லை.

அதற்குப் பிறகு அம்மா வளையலைக் கழற்றி வைத்தாள். செருப்பில்லாமல் நடந்தாள். அவர் முகம் திரும்பத் திரும்ப அவளும் கூடவே நகர்ந்தாள். அப்பா நேராக முறைத்தால் பயமில்லை. தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து ஓரக்கண்ணால் பார்த்தால்தான் ஆபத்து. அடி விழாமல் போய்விடவில்லை. பாதிக்குப் பாதி குறைந்தது.

இன்று காலையில் சவர பிளேடு காணவில்லை என்று ஆரம்பித்தது. தட்டில் வந்து நின்றது. அப்போதுதான் அம்மாவுக்கு இருமல் வந்தது. வாயைப் பொத்தினாள். முடியவில்லை.

அப்பா அப்படியே நின்றார். மெல்லத் தலையைச் சாய்த்தார். அவர் முகம் வெளுத்தது.

"நடுவுல நின்னுக்கிட்டா ஏமாத்தற?" குரல் தாழ்ந்திருந்தது. "இத்தனை நாளும் இப்படித்தானா?"

அம்மாவின் முடி அவர் கையில் சிக்கியது. மாடி வீட்டின் வாசல் கதவைக் காலால் எட்டித் திறந்து அம்மாவை வெளியே இழுத்துக்கொண்டு போனார். சின்னவள் அவர் கையைப் பிடித்துத் தொங்கினாள். முழங்கையால் இடித்துத் தள்ளினார். கதவு நிலையில் மோதி அவள் புருவம் கிழிந்தது. வாசலுக்கு வெளியே இரண்டடி தளம், அதற்கப்புறம் கைப்பிடி இல்லாத பதினெட்டுப் படிகள். அம்மாவை அதில் தள்ளத்தான் இழுத்துக்கொண்டு போகிறார் என்பது சின்னவளுக்குப் புரிந்தது.

அம்மா தலையை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள். ஒரு கொத்து முடி அவர் கையோடு போயிற்று. அப்பா தடுமாறி நிமிர்ந்தார். நேரே பார்த்தார். அவருடைய பார்வையில் அவள் மறுபடியும் காணாமல் போயிருந்தாள்.

அம்மா படியின் விளிம்பில் நின்றிருந்தாள். ஒருமுறை கீழே பார்த்தாள். பிறகு வாயைத் திறந்தாள்.

"இங்கதான் இருக்கேன்."

அப்பா இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு பாய்ந்தார். அம்மா ஓரடி பக்கத்தில் நகர்ந்தாள்.

பன்னிரண்டு மணி சுமாருக்கு ஆஸ்பத்திரியில் அப்பாவின் உயிர் போயிற்று.

பிணவறைக்குப் போகும் நடையில் போலீஸ்காரர் ஒருவர் தொடை மேல் தாளை வைத்து எழுதிக்கொண்டிருந்தார். சின்னவளின் புருவத்தில் நான்கு தையல் போட்டிருந்தார்கள்.

"விழுந்தப்ப உங்கம்மா எங்க இருந்தாங்க?"

"உள்ள. எனக்குப் பின்னாடி."

"உன் புருவத்துல என்ன?"

"அவரப் பிடிக்கப் போனேன். இடிச்சுக்கிட்டேன்."

அவர் நிமிர்ந்து அம்மாவின் தலையைப் பார்த்தார். முடி போன இடத்தில் ரத்தம் காய்ந்திருந்தது. ஒன்றும் கேட்காமல் எழுதி முடித்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்.

ஒன்றரை மணிக்குப் பெரியவன் வந்தான். பதினேழு வயதில் வீட்டை விட்டுப் போன அண்ணன். லாரியை ரோட்டிலேயே நிறுத்திவிட்டு ஓடி வந்திருந்தான். உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வெளியே வந்தவன், பெஞ்சில் உட்கார்ந்திருந்த அம்மாவின் முன்னால் நின்றான்.

"கீழ்வீட்டுக்காரர் ஃபோன்ல எல்லாம் சொன்னார். கண்ணு தெரியாத மனுஷனப் படிக்கட்டுல நின்னு கூப்பிட்டியாமே?"

அம்மா அவனை ஏறிட்டுப் பார்த்தாள்.

"கேக்கறேன்ல? கூப்பிட்டியா, இல்லையா?"

"கூப்பிட்டேன்" என்றாள் அம்மா.

அவன் கை அவள் கழுத்தைப் பிடித்தது. அப்பாவின் கையேதான், அதே தடித்த விரல்கள். அம்மா பெஞ்சோடு சுவரில் போய் மோதினாள். கத்தவில்லை. கையைத் தூக்கித் தடுக்கவும் இல்லை. பழகிப்போனதுபோலக் கண்ணை மூடிக்கொண்டாள்.

சின்னவளின் கையில் வெந்நீர் ஃப்ளாஸ்க் இருந்தது. அவள் யோசிக்கவில்லை. அண்ணனின் மணிக்கட்டில் ஓங்கி அடித்தாள். பிடி விட்டது. மறுபடியும் அடித்தாள். அவன் கையைப் பிடித்துக்கொண்டு மண்டியிட்டான். மூன்றாவது அடி தோளில் விழுந்தது. ஃப்ளாஸ்க்கின் உள்கண்ணாடி நொறுங்கி, வெந்நீர் அவள் காலிலேயே கொட்டியது. வலிக்கவில்லை. நான்காவது அடிக்குக் கை உயர்ந்தபோது அம்மா அவள் இடுப்பைக் கட்டிப் பிடித்தாள்.

"போதும்டி. போதும். நீயுமா?"

சின்னவள் கையைப் பார்த்தாள். ஃப்ளாஸ்க்கைத் தரையில் வைத்தாள். வைத்த பிறகும் விரல்கள் விரியவில்லை.

பெரியவன் தரையில் உட்கார்ந்தபடி அழுதான். "ஆயிரந்தான் இருந்தாலும் அவரு நம்ம அப்பாடி. எங்கிட்ட ஒருநாளாவது சொன்னீங்களா, இப்படி நடக்குதுன்னு?"

"உனக்குத் தெரியாதா?" என்றாள் சின்னவள். "எதுக்கு ஓடிப்போன?"

அம்மா முந்தானையைக் கிழித்து அவன் மணிக்கட்டைச் சுற்றிக் கட்டினாள். கழுத்தில் அவனுடைய விரல் தடம் சிவந்திருந்தது. கட்டி முடிக்கும்வரை இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒரு பெண் தயங்கித் தயங்கி வந்தாள். கையில் ஒரு படிவம் இருந்தது.

"இந்த நேரத்துல கேக்கறதுக்கு மன்னிக்கணும்மா. கண்தானம் பண்ண சம்மதிப்பீங்களா? சீக்கிரம் எடுத்தாத்தான் உபயோகப்படும்."

"அது கெட்டுப்போன கண்ணும்மா" என்றாள் அம்மா.

"கெட்டது பின்னாடி இருக்கற விழித்திரைம்மா. அத நாங்க எடுக்கப் போறதில்ல. முன்னாடி இருக்கற கருவிழி நல்லா இருக்கு. ரெண்டு பேருக்குப் பார்வை கிடைக்கும்."

பெரியவன் தலையைத் தூக்கினான்.

அம்மா படிவத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

"இவர் பாத்ததெல்லாம் அதுல இருக்குமா?"

அந்தப் பெண்ணுக்கு முதலில் புரியவில்லை. பிறகு அம்மாவின் தலையையும் கழுத்தையும் பார்த்தாள். அவள் குரல் மாறியது.

"இல்லம்மா. அது வெறும் கண்ணாடி மாதிரி. எதுவும் ஒட்டியிருக்காது."

"அப்ப எடுத்துக்கோங்க."

எழுத்துக் கூட்டிக் கையெழுத்துப் போட்டாள். படிவத்தை வாங்கிக்கொண்டு அந்தப் பெண் உள்ளே போனாள். பெரியவன் எழுந்து லாரியை ஓரங்கட்டப் போனான்.

வெயில் நடையின் பாதி வரைக்கும் வந்திருந்தது. சின்னவள் துணியை நனைத்துக் காலில் போட்டுக்கொண்டு திரும்பியபோது, அம்மா பெஞ்சில் படுத்திருந்தாள். கையை மடித்துத் தலைக்கு வைத்து, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி, முதுகை நடைக்குக் காட்டிக்கொண்டு தூங்கிவிட்டிருந்தாள். யாரோ இரும்புக் கட்டிலைத் தடதடவென்று தள்ளிக்கொண்டு பக்கத்திலேயே போனார்கள். எங்கோ ஒரு கதவு அடித்துச் சாத்திக்கொண்டது. அம்மா விழித்துக்கொள்ளவில்லை.