மேல் பக்கம்

"அப்பா, இதுல வானம் எங்கப்பா இருக்குது?"

தமிழ்நிலா இதைக் கேட்டபோது அவளுக்கு ஆறு வயது. அவள் முன்னால் நாலடிக்கு நாலடியில் ஒரு படம். முழுக்க வெள்ளைக் கட்டங்கள். மரக்காணத்து உப்பளப் பாத்திகள். சாலமன் ஓர் ஓரத்தில் விரல் அகலத்துக்கு ஓடிய சாம்பல் பட்டையைக் காட்டினான்.

"இதான் கண்ணு வானம். இந்தப் பக்கம்தான் மேல."

"இத்துனூண்டா?" என்று குழந்தை சிரித்துவிட்டு ஓடிப்போனாள். அவள் அன்றே மறந்தும்விட்டாள். சாலமனுக்குத்தான் அந்தக் கேள்வி ஒரு வருஷம் கழித்துத் திரும்பி வந்தது.

அவன் ஓவியர் பக்தவச்சலத்தின் பட்டறையில் சட்டம் அடிப்பவன். சந்தியாவும் அவனும் ஒரே நாளில் அங்கே சேர்ந்தவர்கள். இரண்டு பேர் வீட்டிலும் உப்பளக் கூலிதான். அவன் சுத்தியல் பிடித்தான். அவள் பட்டறையைப் பார்த்துக்கொண்டாள். கடிதம், படங்களின் பட்டியல், ஓவியரின் மாத்திரை நேரம் வரைக்கும் அவள் பொறுப்பு. ஒவ்வொரு படத்தின் முதுகிலும் "மேல்" என்று முழுதாக எழுதி, ஓர் அம்புக்குறியும் போடுவாள். அதைப் போடாமல் எந்தப் படமும் வாசல் தாண்டாது.

2004இல் கல்லறைத் திருநாளன்று, அப்பாவின் கல்லறைக்கு வெள்ளையடிக்கும் அவசரத்தில், படங்களைப் பரணில் ஏற்றாமல் சாலமன் கிளம்பிவிட்டான். மாலையில் பெய்த மழை பட்டறைக்குள் புகுந்து இரண்டு படங்களை நாசமாக்கியது. ஓவியர் ஆடித் தீர்த்தார். அவன் வாய் திறப்பதற்குள் சந்தியா முந்திக்கொண்டாள்.

"நான்தான் சார் கீழயே இருக்கட்டும்னு சொன்னேன்."

ஒரு வாரம் முழுக்கத் திட்டு வாங்கினாள். அவன் வேலை தப்பியது. அதைப் பற்றி அவள் பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை. சொல்லிக்காட்டியிருந்தால்கூட அவனுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அடுத்த மாதம் கடல் ஊருக்குள் வந்தது. குப்பத்துப் பிள்ளைகள் பயம் தெளியட்டும் என்று சென்னையிலிருந்து ஒரு கலை அறக்கட்டளை வந்து ஓவிய வகுப்பு நடத்தியது. இடம் பிடித்து, பெஞ்சு தேடி, அழுத பிள்ளையை மடியில் வைத்து எல்லாவற்றையும் நடத்திக் கொடுத்தவள் சந்தியா. போகும்போது அவளையும் கூட்டிக்கொண்டு போனார்கள். ஒன்றரை வருஷத்தில் அவள் அங்கே நிர்வாக இயக்குநர்.

அந்தச் செய்தி வந்த நாளில் சாலமனுக்குச் சோறு இறங்கவில்லை. மனைவி வேறு, "ஒண்ணாத்தானே சேந்தீங்க? அவ பேரு பேப்பர்ல வருது, உன் பேரு ரேஷன் கார்டுல வருது" என்று சிரித்தாள். அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். அவனுக்குக் குத்தியது. பட்டறையை விட்டுப் போனவளின் வழக்கமும் போகட்டும் என்று அவன் முந்தின வருஷமே தீர்மானித்திருந்தான். அவளுக்குப் பிறகு வந்த முதல் படம் அந்த வெள்ளைக் கட்டப் படம். அதைக் கவிழ்த்துப் போட்டு, படத்தின் தலைப்பக்கம் நின்றபடியே, மேல் சட்டத்தில் "மே" என்று மட்டும் கிறுக்கினான். எழுத்து தலைகீழாக விழுந்தது. எழுதிய சட்டம்தானே மேல், எனக்குத் தெரியாதா என்று விட்டுவிட்டான்.

2006 ஆகஸ்டில் அறக்கட்டளை மரக்காணத்திலேயே, காலியாகக் கிடந்த ஓர் உப்புக் கிடங்கில், பக்தவச்சலத்தின் படங்களைக் காட்சிக்கு வைத்தது. ஞாயிறு காலை திறப்பு. சனிக்கிழமை கொக்கிகளைச் சரிபார்க்கச் சாலமனைக் கூப்பிட்டிருந்தார்கள்.

வாசலில் காவல்காரர் கலியன் பீடியை அணைத்தார். "ஏம்பா, உங்கூட வேலை செஞ்ச பொண்ணுதானே? ஏசி கார்ல வருது. நீ இன்னும் சுத்தியலோட சுத்தற."

"அவளுக்கு நேரம், கலியண்ணே."

"நேரமில்லப்பா, மூளை!"

சந்தியா போனும் கையுமாக உள்ளே வந்தாள். "அண்ணே, நல்லா இருக்கீங்களா? பாப்பா எத்தனாவது படிக்குது?"

"ரெண்டாவதுங்க, மேடம்."

"என்னண்ணே, நான் மேடமா?"

"ஊரே மேடம்ங்குது. நான் மட்டும் என்னாத்தச் சொல்றது?"

அவள் முகம் சுருங்கியது. அதில் அவனுக்கு ஒரு கெட்ட சந்தோஷம். அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"காலைல சார் வர்றாரு. ஒரு படம் தப்பா இருந்தாலும் எல்லாத்தையும் இறக்கிட்டுப் போயிடுவேன்னு சொல்லியிருக்காரு. அப்படி ஆச்சுன்னா என் வேலையும் அதோட போச்சுண்ணே. கொக்கிய நல்லா பாத்துடுங்க."

போன் அடித்தது, அவள் வெளியே போனாள். சாலமன் நிமிர்ந்தான். எதிர்ச் சுவரில் வெள்ளைக் கட்டங்கள். சாம்பல் பட்டை தரையை ஒட்டிக் கிடந்தது. வானம் கீழே இருந்தது. பக்கத்தில் அச்சடித்த சீட்டு: "உப்பு வயல் – 2005, மே."

அவனுக்கு விளங்கிவிட்டது. அறக்கட்டளையின் சென்னைப் பையன்கள் "மே"யை மாதம் என்று எடுத்துக்கொண்டு, எழுத்து நேராக நிற்கும்படி படத்தை மாட்டியிருக்கிறார்கள். சந்தியா இந்தப் படத்தை முன்பு பார்த்ததே இல்லை. அவளுக்கு எப்படித் தெரியும்?

கொக்கிகளை மட்டும் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் வீட்டுக்குப் போனான். நான் மாட்டினேனா, அவள் ஆள்தானே மாட்டினான் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டான். சாப்பிடுமுன் ஜெபம் சொன்னபோது, மன்னிப்பைக் கேட்கும் இடத்தில் நாக்கு நின்றுவிட்டது. தமிழ்நிலா ஒரு கண்ணைத் திறந்து பார்த்து, மிச்சத்தைத் தானே சொல்லி முடித்தாள்.

மறுநாள் காலை ஆறு மணிக்குக் கிடங்கு வாசலில் சைக்கிளை நிறுத்தினான்.

"கொக்கி ஒண்ணு பாக்கணும், கலியண்ணே."

"பாரு, பாரு. நான் போயி ஒரு டீ குடிச்சிட்டு வந்துடறேன்" என்று அவர் சாவியைக் கொடுத்துவிட்டு நடந்தார்.

படத்தை நெஞ்சோடு அணைத்து இறக்கினான். கம்பியைக் கழற்றி எதிர்ச் சட்டத்தில் முறுக்கினான். தன் "மே"யை உப்புத்தாளால் தேய்த்து அழித்தான். அந்த இடத்தில் பென்சிலால் "மேல்" என்று முழுதாக எழுதினான். கொஞ்சம் நின்றான். பிறகு, அவள் போடுவது போலவே, ஓர் அம்புக்குறியும் போட்டான்.

படம் சுவரில் ஏறியது. வானம் மேலே வந்தது. சீட்டின் நுனியில் இருந்த "மே"யைப் பிளேடால் நறுக்கி எடுத்தான். உப்பு வயல், 2005. அது போதும்.

முதல் பூசைக்கு மணி அடித்தது. துண்டுச் சீட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, கதவைச் சாத்தி, சாவியைக் கலியனின் நாற்காலியில் வைத்துவிட்டுச் சைக்கிளை எடுத்தான்.