சிவப்பு மூடியில் ஒரு கீறல்

கிறிஸ்டினா டீச்சருக்குக் கோபம் வந்தால் கையில் இருக்கும் சாக்பீஸ் உடையும். அந்தப் புதன்கிழமை இரண்டு உடைந்தன.

அவருடைய மூன்றாம் வகுப்பில் இருபது பிள்ளைகள். ஊர்ப் பிள்ளைகள் ஐந்து பேர் ஜன்னல் பக்கம், காலனிப் பிள்ளைகள் கதவுப் பக்கம். யாரும் சொல்லாமலே இப்படி உட்காருகிறார்கள் என்று தலைமை ஆசிரியர் பரசுராமன் சொல்வார். சொல்லாமலா? வீட்டில் சோறு ஊட்டும்போதே சொல்லித்தான் வளர்க்கிறார்கள். அதை உடைக்கத்தான் டீச்சர் குழு பிரிக்க ஆரம்பித்தார். முதலில் வரிசையாக நிறுத்தி ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணச் சொன்னார். எங்கே நின்றால் என்ன எண் வரும் என்று ஒரே வாரத்தில் பிள்ளைகள் கண்டுபிடித்துவிட்டார்கள். அப்புறம்தான் துணிப்பை வந்தது. காலனியிலிருந்து சிப்காட் தொழிற்பேட்டையில் தண்ணீர் பாட்டில் கம்பெனிக்கு வேலைக்குப் போகும் ராபினின் அப்பா மூடிகள் கொடுத்தார். நான்கு நிறம், நிறத்துக்கு ஐந்து. பார்க்காமல் கையை விட்டு எடுக்க வேண்டும். ஒரே நிறம் வந்தவர்கள் சேர்ந்து கணக்குப் போட வேண்டும், சேர்ந்தே சத்துணவும் சாப்பிட வேண்டும்.

கணக்கு வரைக்கும் ஊரில் யாருக்கும் வலிக்கவில்லை. சோறு என்றதும் வலித்தது. ஏரிக்கரைக்குக் கீழே நெல் போடும் குணா, பூமிகாவின் அப்பா, பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டார். சாதி என்ற சொல் அவர் வாயில் வரவே இல்லை. சாப்பாட்டு நேரத்தில் மட்டும் பிள்ளைகளைப் பழையபடி விட்டுவிடலாமே என்று சிரித்துக்கொண்டே கேட்டார். பையில் வருவதுதான் குழு என்று டீச்சர் முகத்துக்கு நேரே சொல்லி அனுப்பினார்.

அடுத்த வாரம் ஊர்ப் பிள்ளைகள் ஐந்து பேருக்கும் சிவப்பு வந்தது. மறுபடியும் சிவப்பு. மறுபடியும். புதன்கிழமை டீச்சர் சிவப்பு மூடிகளை எடுத்துத் தடவிப் பார்த்தார். எல்லாவற்றின் விளிம்பிலும் பிளேடால் போட்ட கீறல். சாயங்காலமானால் பை இருப்பது பரசுராமனின் அலமாரியில். வேலியே பயிரை மேய்ந்திருக்கிறது.

பரசுராமன் மறைக்கவும் இல்லை. "அஞ்சு பேரும் டீசி வாங்கிக்கினு போயிட்டா ஸ்கூலே இருக்காதும்மா. நான் இன்னா எனக்காகவா பண்ணேன்?" என்றார்.

டீச்சர் கையில் இரண்டாவது சாக்பீஸ் உடைந்தது. அத்திப்பட்டில் படித்த காலத்தில் அவரையும் கதவுப் பக்கம்தான் உட்காரவைத்தார்கள். அவர்கள் வெளிப்படையாகச் செய்தார்கள். இவர் பிளேடை வைத்துக்கொண்டு, தர்மம் செய்தவர் மாதிரி பேசுகிறார். நாளைக்குக் குணாவின் முன்னாலேயே பையைக் கவிழ்த்துவிடுகிறேன் என்று டீச்சர் அங்கேயே முடிவு செய்தார்.

மறுநாள் குணா வந்தார். ஏற்பாடு சரியாக நடக்கிறதா என்று பார்க்க வேண்டுமாம். பரசுராமனும் அவரும் வாசலில் நின்றார்கள். டீச்சர் மேசையில் பையை வைத்துப் பேச வாயைத் திறப்பதற்குள் ராபின் ஓடிவந்து கையை விட்டுவிட்டான். நிதானமாகத் துழாவி எடுத்தான். சிவப்பு. அவனுக்குப் பின்னால் காலனிப் பிள்ளைகள் மூன்று பேர். மூன்றும் சிவப்பு. ஐந்தாவதாகப் பூமிகா எடுத்தாள். கடைசிச் சிவப்பு.

குணாவின் சிரிப்பு போய்விட்டது. அவனுங்களுக்கு எப்படி வந்தது என்று மகளைக் கேட்டார்.

"நான்தான் நைனா சொன்னேன், கீறல் இருக்கறத எடுங்கன்னு. ராபின் இல்லன்னா எங்க குரூப்புல பெருக்கல் யாரு போடறது?"

எட்டு வயதுப் பிள்ளையிடம் சூதைச் சொல்லிக்கொடுத்த அப்பா, எதற்காக அந்தச் சூது என்பதைச் சொல்ல மறந்திருந்தார். அவள் அதை விளையாட்டு என்று நினைத்துவிட்டாள். குணா அவள் கையைப் பிடித்து இழுத்தார். டீசி கொடுங்க, இப்பவே கொடுங்க என்று கத்தினார். பரசுராமன் பதறிக்கொண்டு அலுவலக அறைப் பக்கம் திரும்பினார்.

டீச்சர் வாசலை மறித்து நின்றார்.

"தாராளமா வாங்கிக்கினு போங்க. எதுக்குக் கூட்டினு போறீங்கன்னு மட்டும் உங்க பொண்ணுகிட்ட உங்க வாயால சொல்லிட்டுப் போங்க."

"எதுக்கு நைனா?" என்று பூமிகா நிமிர்ந்து பார்த்தாள்.

குணா பரசுராமனைப் பார்த்தார். பரசுராமன் தரையைப் பார்த்தார். இருபது பிள்ளைகளும் குணாவையே பார்த்தார்கள். சாப்பாட்டு மணி அடித்தது. பூமிகா கையை உருவிக்கொண்டு, தட்டை எடுத்துப் போய் ராபினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.