ராஜபாய் கொடுக்காத மட்டிப்பழம்

1

இந்தக் கதை என் மருந்துச் சீட்டில் பிறந்தது. கால்வீக்கத்துக்கு மாத்திரை எழுதித் தந்த டாக்டர் சொன்னார்: "இளநீர், வாழைப்பழம் ரெண்டையும் குறைச்சுக்கிடணும். இது நீரை எறக்கும், பொட்டாசியத்தை விடாது. அது கூடிப்போனா நெஞ்சுக்கு ஆபத்து." வீடு வந்து சேர்வதற்குள் ராஜபாய் என்றொரு பெண் மனதில் வந்து உட்கார்ந்துவிட்டாள்.

2

1954. அஞ்சுகிராமத்தின் மேல் அன்று கருமேகங்கள் திரண்டு

(வேண்டாம். மேகத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.)

வாழைக்குலை வியாபாரி செல்வதாஸுக்கு இதயம் தளர்ந்து கால்கள் வீங்கின. கம்பவுண்டர் நேசமணி நீர் இறங்க வாரம் ஒரு பாதரச ஊசி போட்டார், இதயத்துக்கு டிஜிட்டாலிஸ் மாத்திரையும் கொடுத்தார். நீர் குடம் குடமாக இறங்கியது. மனைவி ராஜபாய் முழங்காலிட்டுக் கர்த்தருக்கு நன்றி சொன்னாள்.

"உப்பு ஆகாது. குடிக்கிற வெள்ளம் அளந்துதான் குடுக்கணும்," என்றார் நேசமணி. பழத்தைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. பழம் குளிர்ச்சி, நீர் கட்டும் என்பது ராஜபாய் தானாகச் சேர்த்துக்கொண்ட பத்தியம். வீட்டில் தொங்கிய மட்டி வாழைக்குலைகளையெல்லாம் அக்கம்பக்கத்துக்குக் கொடுத்தனுப்பிவிட்டாள்.

மூன்றாம் வாரம் செல்வதாஸுக்குக் கால் துவண்டது, குமட்டியது.

"ஏட்டி, ஒரு மட்டிப்பழம் தாயேன். வாய் தேடுது."

"சும்மா கெடங்க. எறங்குன வெள்ளம் திரும்ப ஏறணுமா?"

மறுநாள் நாடி தாறுமாறாக ஓடி, உச்சிவேளையில் நின்றது.

3

(கொஞ்சம் கட்டுரை. பொறுத்துக்கொள்ளுங்கள்.) உடம்பில் ஒரு சுரப்பு, உப்பைப் பிடித்துவை, பொட்டாசியத்தைத் தள்ளு என்று சிறுநீரகத்தை ஏவுகிறது. உப்பு நின்றால் நீரும் நிற்கும். என் மாத்திரை அந்த ஏவலைத் தடுக்கிறது: உப்பும் நீரும் போகும், பொட்டாசியம் தங்கும். தளர்ந்த இதயத்துக்கும், ஈரல் கெட்டு வயிறு ஊதியவர்களுக்கும் கொடுக்கிறார்கள். பாதரச ஊசியோ பொட்டாசியத்தையும் சேர்த்து வெளியேற்றிவிடும். அது வற்றிய உடம்பில் டிஜிட்டாலிஸ் நஞ்சாகலாம்.

வாழைப்பழத்தில் பொட்டாசியம் நிறைய.

நேசமணி கையில் என் மாத்திரையைக் கொடுத்து ஒரு முடிவு எழுதினேன். செல்வதாஸ் எழுந்து சந்தைக்கு... அடித்துவிட்டேன். அந்த மாத்திரை வர இன்னும் சில வருடம் இருந்தது. இன்னொரு முடிவில் ராஜபாய் பழத்தை உரித்துக் கொடுத்தாள். ஒரு பழம் போதாது. தினமும் கொடுத்திருந்தால்? எனக்குத் தெரியவில்லை.

4

அடக்கம் முடிந்ததும் கல்லறைத் தோட்டத்தில் ராஜபாய் நேசமணியை நிறுத்தினாள்.

"கடைசியா கேட்டது ஒரு பழம், அண்ணாச்சி. நான் குடுக்கல்ல. செஞ்சது செரிதானே?"

"செரிதாம்மா," என்றார். அவருக்குத் தெரிந்தவரை அது உண்மை.

அவர் போன பிறகும் அவள் நகரவில்லை. விவரம் தெரிந்த இன்னொருவர் சொன்னால் வீட்டுக்குப் போய்விடுவாள். அவளை அங்கே நிறுத்தியவன் நான். பதிலை மூன்று தடவை எழுதி மூன்று தடவையும் கிழித்தேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் இப்போது உங்களுக்கும் தெரியும். உங்களிடம்தான் கேட்கிறாள்.