பம்ப் தண்ணீரில் கடைந்த மருந்து

என் புருஷன் பர்னபாஸிடம் ஒன்றைச் செய்யாதீர்கள் என்று சொன்னால் போதும், சட்டைக் கையை மடித்துக்கொண்டு அதைத்தான் செய்வார்.

என் அவரைப் பந்தலில் அசுவினிப் பூச்சி மொய்த்துவிட்டது. சனிக்கிழமை காலனித் தோட்டப் போட்டி. ஏழு வருஷமாகக் கலந்துகொள்கிறேன், ஆறுதல் பரிசுகூட வாங்கியதில்லை. இந்த வருஷம்தான் கொடி கொத்துக் கொத்தாகப் பூத்திருந்தது.

மருந்து எனக்குத் தெரியும். பார் சோப்பைச் சீவி வெந்நீரில் கரைத்து, மண்ணெண்ணெய் ஊற்றிக் கடைந்தால் மோர் மாதிரி வரும். அதில் நிறையத் தண்ணீர் விட்டுத் தெளிக்க வேண்டும். எண்ணெய்க்கும் தண்ணீருக்கும் ஆகவே ஆகாது. சோப்பு ஒரு கையால் தண்ணீரையும் மறு கையால் எண்ணெயையும் பிடித்துக்கொள்ளும், அதனால்தான் இரண்டும் சேரும்.

வியாழக்கிழமை ஷிஃப்ட் முடிந்து வந்தவர், மருந்தைத் தானே கடைவதாகச் சொல்லி, குழாயடியில் பெண்களோடு நிற்கக் கூச்சப்பட்டு, சுரங்க ஷாஃப்டிலிருந்து இறைக்கும் பம்ப் தண்ணீரை இரண்டு டின் தூக்கி வந்தார். அந்த உப்புத் தண்ணீரில் துணிக்கே நுரை வராது.

"இந்தத் தண்ணி வேணாங்க. சோப்பு திரிஞ்சுபூடும்."

"உனுக்கு இன்னா தெரியும்? நல்லா கடைஞ்சா எல்லாம் கலக்கும்."

கடைந்தார். சோப்பு திப்பி திப்பியாகத் திரிந்தது, எண்ணெய் மேலே மிதந்தது. நான் கத்தக் கத்தப் பந்தலின் கிழக்குப் பாதியில் தெளித்து முடித்தார். மறுநாளே அந்தப் பக்கம் முழுக்கக் கருகிவிட்டது. எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

மேற்குப் பாதிக்கு நானே குழாய்த் தண்ணீர் பிடித்து, கடைந்து தெளித்தேன். பூச்சி செத்துக் கொட்டியது. கருகிய பக்கத்தைச் சாக்குகளால் மூடி, கேட்டால் பனிக்காக என்று சொல்ல வேண்டும் என இவரிடம் பத்துத் தடவை சொல்லி வைத்தேன்.

சனிக்கிழமை வந்த நடுவர் சிவப்பிரகாசம் மேற்குப் பக்கத்தில் ஒவ்வொரு இலையாகத் திருப்பிப் பார்த்தார். சாக்கைப் பற்றிக் கேட்கவேயில்லை.

"ஒரு பூச்சி இல்லியே! யாரு மருந்து அடிச்சது?"

நான் வாயைத் திறப்பதற்குள் இவர் முன்னால் போய் நின்றார்.

"நான்தான் சார். பொம்பளைங்களுக்கு இதெல்லாம் வராது. கடையிற கை பலமா இருக்கணும்."

நடுவர் சிரித்துக்கொண்டே நோட்டில் எழுதப் போனார். பரிசு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது எனக்கும் தெரியும். போனால் போகட்டும்.

"ஒரு நிமிஷம் சார். இவரு அடிச்ச பக்கத்தையும் பாத்துட்டு எழுதுங்க," என்று சாக்குகளை நானே இழுத்துக் கீழே போட்டேன்.