மாப்பிள்ளையை விட்டுடுங்க

எனக்கு லிப்ட் கம்பெனியில் வேலை, புகார் எடுக்கிற மேஜையில். நடுவழியில் நின்றுபோன லிப்டுக்குள் மாட்டிக்கொண்டு அலறுகிறவர்களைப் போனிலேயே பேசி உட்காரவைத்து, மூச்சு விடவைத்து, எந்தப் பொத்தானையும் தொடாமல் இருக்கவைப்பவள் நான். முன்பின் தெரியாதவர்கள்கூட நான் சொன்னதைச் சொன்னபடி கேட்பார்கள். கட்டின புருஷனும் கேட்டார். வினையே அதில்தான் வந்தது.

எங்கள் வீட்டு ஹாலில், டிவி இருக்கவேண்டிய இடத்தில், கடல்நீர் மீன்தொட்டி இருக்கிறது. பாறை, பவளம், நத்தைகள், ஒரு இறால், கொஞ்சம் மீன்கள். எல்லாருக்கும் தலைவி மகாராணி. ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீன், எங்கள் பிரிட்ஜைவிட வயதில் மூத்தவள். அவள் புருஷன் அவளில் பாதி அளவுதான், அவள் பின்னாலேயே நெளிந்துகொண்டு திரிவான். அவனுக்கு எடுபிடி என்று பேர். இந்த இனத்தில் பொம்பளைதான் பெரியவள். இயற்கை சில இடங்களில் சரியாகத்தான் செய்திருக்கிறது. வேலை முடிந்து நான் உள்ளே நுழைந்ததும் கண்ணாடியோரம் வந்து நிற்பவள் மகாராணி. அவளுக்கு ஒன்று என்றால் எனக்குத் தாங்காது. இதைச் சொல்ல எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

புது மீன் எது வந்தாலும் நேரே ஹாலுக்குப் போகாது. துணி துவைக்கிற மெஷினுக்குப் பக்கத்தில் அதற்கென்று ஒரு சின்னத் தொட்டி வைத்திருக்கிறேன். மணல் கிடையாது, பாறை கிடையாது, ஒளிந்துகொள்ள ஒரு பிளாஸ்டிக் குழாய்த் துண்டு மட்டும். கடையிலிருந்து வருகிற மீன் உடம்பில் எதைக் கொண்டுவருகிறது என்று யார் கண்டது? வெள்ளைப்புள்ளி நோய் ஒன்று போதும், மொத்தக் குடும்பத்தையும் வழித்துத் துடைத்துவிடும். அதனால் சில வாரம் புது ஆளை அங்கே வைத்து, தண்ணீரில் செம்பு மருந்து கலந்து, தினமும் கொஞ்சம் தண்ணீரைச் சோதனைக் குழாயில் எடுத்து, அதன் நிறத்தை வைத்து மருந்தின் அளவு பார்ப்பேன். அந்த மருந்து பெரிய தொட்டிக்கு ஆகாது. மீன் பிழைக்கும், ஆனால் பவளம், நத்தை, இறால் எல்லாம் செத்துப்போகும். ஆக, நோயை வாசலிலேயே நிறுத்தினால்தான் உண்டு. சின்னத் தொட்டிக்குத் தனி வலை, தனி வாளி. இதையெல்லாம் இவருக்குக் கிளிப்பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொல்லியிருக்கிறேன்.

இந்தத் தடவை வந்தது மஞ்சளாக, தட்டையாக, தட்டில் வைத்து எடுத்துவந்ததுபோல ஒருவன். வந்த அன்றே முறுக்கிக்கொண்டு சாப்பிடமாட்டேன் என்று நின்றதால் இவர் அவனுக்கு மாப்பிள்ளை என்று பேர் வைத்தார். இவர் பஸ் ஓட்டுகிறவர். மணி அடித்தால் நிறுத்துவார், மறுபடி அடித்தால் எடுப்பார், ஏன் என்று கேட்கிற வழக்கம் இல்லை. ஆனால் இளகின மனசு. ஒண்டிக்கட்டையாகக் கிடக்கிறானே என்று அந்தத் தொட்டிக்கு முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து மாப்பிள்ளைக்கு ரூட்டில் நடந்த கதையெல்லாம் சொல்லுவார்.

மாப்பிள்ளையின் கெடு முடிய இன்னும் நாள் இருந்தது, அந்த நேரம் பார்த்துக் கம்பெனியில் என்னை வெளியூருக்குப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். சாப்பாட்டு இடைவேளையில் இவர் போன் செய்தார். பின்னால் யாரோ நாற்காலிகளை இழுக்கிற சத்தம், லைனில் கரகரப்பு. மாப்பிள்ளை இப்போது போட்டதையெல்லாம் தின்று வெளுத்துக்கட்டுகிறான் என்றார், அளவு பார்த்ததில் நிறம் நேற்று மாதிரியே இருக்கிறது என்றார். நிறம் சரியாக இருந்தால் அன்றைக்கு மருந்து ஊற்ற வேண்டாம், அவ்வளவுதான் விஷயம்.

"அப்ப மாப்பிள்ளையை என்ன பண்ணட்டும்?"

"இன்னைக்கு விட்டுடுங்க."

"விட்டுடவா? நிஜமாவா?"

"விட்டுடுங்கன்னு சொல்றேன்ல. வகுப்பு ஆரம்பிச்சுட்டாங்க, வைக்கிறேன்."

நான் ஊர் திரும்பி, செருப்பைக் கழற்றின கையோடு சின்னத் தொட்டியைத்தான் போய்ப் பார்த்தேன். தண்ணீர் இருந்தது, குழாய் இருந்தது, மாப்பிள்ளை இல்லை. போய்விட்டான், என்னிடம் சொல்லப் பயந்துகொண்டு இவர் மறைக்கிறார் என்று நினைத்து எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஹாலுக்கு வந்தால் மகாராணிக்குப் பக்கத்தில் மாப்பிள்ளை ஜம்மென்று நீந்திக்கொண்டிருக்கிறான். இவர் உச்சி குளிர்ந்துபோய், அவன் வீடு நுழைந்ததிலிருந்து நடந்ததையெல்லாம் வர்ணிக்கிறார். அதன்பிறகு நான் என்னென்ன பேசினேன் என்பதை எழுத முடியாது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு இவர் ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்.

"நீதானே விட்டுடுன்னே."

மருந்தை விட்டுவிடச் சொன்னேன் என்றேன். மருந்து என்ற பேச்சே உன் வாயில் வரவில்லையே என்றார். அன்றோடு பேச்சுவார்த்தை நின்றது.

அந்த வாரமே மகாராணி பாறையில் உடம்பைத் தேய்க்க ஆரம்பித்தாள். துடுப்பில் உப்புத் தூளைத் தூவினதுபோல வெள்ளைப் புள்ளிகள். பதறிப்போய் வளர்ப்பு மீன் கடைக்காரருக்குப் போன் செய்தேன். பாறையையெல்லாம் வெளியே எடுத்து, ஒரு மீன் விடாமல் பிடித்து மருந்துத் தண்ணீருக்கு மாற்றுங்கள், பெரிய தொட்டியில் இரண்டரை மாதம் மீனே இருக்கக்கூடாது, ஒட்டிக்கொள்ள மீன் இல்லாவிட்டால் அந்த நோயைக் கொடுக்கிற பூச்சி தானாகச் செத்துவிடும் என்று சொன்னார். எப்படி நடந்தது என்று கேட்டார். நான் சொன்னேன். மனுஷன் சிரிக்கிறார்.

"அம்மா, தப்பா நினைக்காதீங்க. நானா இருந்தாலும் விட்டிருப்பேன்."

தப்பில் பாதி என் வாயில் இருக்கிறது என்று தெரிந்தபிறகு எனக்கு இவர்மேல் இன்னும் கோபம் வந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் ஒரு வார்த்தை பேசாமல் தோள்வரை உப்புத்தண்ணீரில் நனைந்து பாறைகளை ஒவ்வொன்றாக எடுத்தோம். மாப்பிள்ளையும் மற்றவர்களும் பெரிய பிளாஸ்டிக் தொட்டிகளுக்குப் போனார்கள். மகாராணிக்கும் எடுபிடிக்கும் சின்னத் தொட்டி. வீட்டில் துணி துவைக்க இடம் இல்லை, நடக்க வழி இல்லை. பேச்செல்லாம் சாடைமாடையாகத்தான். நான் சுவரைப் பார்த்து, "சிலருக்குக் கை கழுவிட்டு வலையைத் தொடணும்னு தெரியாது" என்பேன். இவர் எடுபிடியிடம், "நமக்கெல்லாம் வாய் ஏதுடா" என்பார்.

மற்றவர்கள் தேறினார்கள். மகாராணிதான் தேறவில்லை. புள்ளிகள் மறைந்தும் அவள் வெறும் கண்ணாடித் தரையில் ஒரு மூலையில் சாய்ந்து கிடந்தாள். வாய்க்கு நேராக இரையை நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். நாளாக ஆக வயிறு உள்ளே போயிற்று. ஆபீசில் லிப்டில் மாட்டின ஒருவரிடம், ஒண்ணும் ஆகாது, பயப்படாதீங்க என்று சொல்லிவிட்டு, அதையே எனக்கும் ஒருமுறை சொல்லிக்கொண்டேன். இவர் டியூட்டிக்குப் போகுமுன் ஸ்டூலில் உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருப்பார். கதை சொல்வதை நிறுத்திவிட்டார். ஒருநாள் கதவிடுக்கு வழியாகப் பார்த்தேன், புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். உள்ளே போய் ஏதாவது சொல்லியிருக்கலாம். நான் போகவில்லை.

பிறகு ஒரு காலையில் நான் அடுப்படியில் நிற்கிறேன். இவர் யூனிபார்ம் சட்டையோடு, முழங்கையிலிருந்து தண்ணீர் சொட்ட, ஒரு விரலைத் தூக்கிப் பிடித்தபடி வந்து நின்றார். மிச்ச இரையை அள்ளக் கையை விட்டிருக்கிறார்.

"கடிச்சிட்டா," என்றார்.

கோமாளி மீன் எல்லா இடத்திலும் கடிக்காது. இது என் இடம், இங்கே உனக்கென்ன வேலை என்று நினைக்கிற இடத்தில்தான் கடிக்கும். சாகக் கிடக்கிற மீனுக்கு அந்த நினைப்பெல்லாம் வராது. நான் அடுப்பை அணைத்துவிட்டு இவர் விரலைப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தேன். நகத்துக்குப் பக்கத்தில் லேசாகச் சிவந்திருந்தது.

"வலிக்குதாங்க?"

அத்தனை நாளில் முகத்தைப் பார்த்து நான் கேட்ட முதல் கேள்வி.

"நல்லா வலிக்குது," என்றார். வாயெல்லாம் பல்.

ஓடினேன். ஸ்டூலை ஒதுக்கிவிட்டுச் சின்னத் தொட்டிக்குள் கையை நீட்டினேன். குழாய்த் துண்டுக்குள்ளிருந்து சீறிக்கொண்டு வந்து சுருக்கென்று ஒரு கடி. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. இன்னொரு தடவை நீட்டினேன்.

"போதும், எடு கையை," என்றார் இவர், பின்னாலிருந்து. "அவளுக்கு வாய் வலிக்கும்."