தக்காளி பொறுக்கும் மூன்று நொடி

படத்தொகுப்பாளர் எட்டு நாளாக ஒரு விஷயத்தை மென்று விழுங்கிக்கொண்டிருந்தார். அவர் வேலை பார்க்கும் படத்தில், சந்தைக் காட்சிக்கு ஆள் குறைந்த அன்று, அவர் மனைவியையே கூடையோடு நிற்க வைத்திருந்தார்கள். திரையில் மூன்று நொடி. அந்த மூன்று நொடியைத்தான் அவர் வெட்டிவிட்டார்.

ஆளைத் தப்பாக நினைக்காதீர்கள், கண்ணுகளா. தொட்டியில் தான் வளர்க்கும் ரோஜாச் செடியில் காய்ந்த குச்சியை நறுக்கக்கூட மனசு வராமல் மனைவியைக் கூப்பிடுகிறவர். ஆனால் கணினி முன் உட்கார்ந்துவிட்டால் தயவு தாட்சண்யம் கிடையாது. இந்தத் தொழிலுக்கு வருமுன் பதினோரு வருஷம் பஸ் கண்டக்டர். இறங்குகிற கடைசி ஆள் தரையில் கால் ஊன்றியதும் விசில். ஒரு நொடி முந்தியும் இல்லை, பிந்தியும் இல்லை. காட்சிகளையும் அப்படித்தான் இறக்கிவிட்டு நகர்வார்.

மனைவியோ அக்கா, தம்பி பெண்டாட்டி, மாடி வீட்டுக்காரி என்று ஒருத்தர் விடாமல் சொல்லி வைத்திருந்தாள். படம் வருகிற அன்று இருபத்து மூன்று பேர் போவதாக ஏற்பாடு.

ஒன்பதாம் நாள் மதியம் எடிட்டிங் அறைக்கே வந்துவிட்டாள்.

"என்னைப் போட்டுக் காட்டுங்க."

"அது... இப்ப படத்துல இல்லம்மா."

"இல்லைன்னா? எங்க போச்சு, ஊருக்கா?"

வெட்டாத காட்சியை ஓட்டினார். குழந்தையைத் தொலைத்த கதாநாயகி சந்தை நடுவே கதறுகிறாள். அவள் தோளுக்குப் பின்னால் மனைவி, தக்காளியும் கையுமாக, நேராகக் கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறாள்.

"இன்னொரு தரம்" என்றாள். ஓட்டினார்.

"ஏங்க, அவ புள்ளையத் தொலைச்சிட்டு நிக்கிறா. நான் எதுக்குப் பல்லைக் காட்டுறேன்?"

"அதைத்தான் நானும்..."

"இதைச் சொல்ல எட்டு நாளா வாய் இல்லையா? வெட்டினதைக் காட்டுங்க."

பார்த்தாள். இந்தத் தடவை கதாநாயகியோடு சேர்ந்து அவளுக்கும் கண் கலங்கியது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "இப்படியே இருக்கட்டும்" என்றாள்.

அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அதற்குள் அவள் கைப்பேசியை எடுத்துவிட்டாள்.

"அக்கா? என்னத்தச் சொல்ல! நான் நின்னா கதாநாயகியை யாரும் பாக்க மாட்டாங்களாம், என்னையேதான் பாப்பாங்களாம். அதனால இவரு வெட்டிட்டாரு. நம்பலையா? இந்தா, நீயே கேளு."

சொன்னதில் பொய்யும் இல்லையே. அவர் கைப்பேசியை வாங்கிக்கொண்டார்.

"ஆமாங்க அக்கா. கண்ணு அவ மேலதான் போகுது."

இன்னும் கொஞ்சம் நீட்டிச் சொல்லும்படி மனைவி கையால் ஜாடை காட்டினாள்.