விலகியாச்சா

என்ஜின் நன்றாகச் சூடேறியிருந்தது. இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய சின்ன விமானம். ஓட்டக் கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்கானது. தரையில் மெதுவாக ஓட விட்டால் இருமி இருமி அணைந்துபோகிறது என்று புகார். மச்சான் உள்ளே இருக்கையில் இருந்தார். மாப்பிள்ளை முன்னால், ப்ரொப்பெல்லருக்குப் பக்கத்தில் ஸ்க்ரூ டிரைவரோடு குனிந்திருந்தார்.

மச்சானின் தங்கையைக் கட்டியவர் மாப்பிள்ளை. ஒரே ஷெட்டில் வேலை என்பதால் முறையே பெயராக ஒட்டிக்கொண்டது. முதலாளியும் அப்படித்தான் கூப்பிடுவார்.

வேலை பெரிய கம்பசூத்திரம் அல்ல, பொறுமைதான் வேண்டும். மச்சான் பெட்ரோல் கலவைக் குமிழை மெல்ல வெளியே இழுப்பார். என்ஜின் அணைவதற்கு முன், சுற்றும் வேகத்தைக் காட்டும் மீட்டர் முள் ஒரு மயிரிழை ஏறி விழ வேண்டும். அதிகம் ஏறினால் பெட்ரோல் கூடுதல். ஏறாமலே விழுந்தால் போதவில்லை. என்ஜின் நின்றதும் விரலால் ஜாடை காட்டுவார். மாப்பிள்ளை திருகாணியைத் துளி திருப்பிவிட்டு விலகிக்கொள்வார். மறுபடி ஓட்டிப் பார்க்க வேண்டும்.

அன்று முள் பிடிகொடுக்காமல் விளையாடியது. இன்னும் ஒரு பொட்டு குறைக்க ஜாடை காட்டிவிட்டு, மச்சான் சாவியில் கைவைத்துக் குரல் கொடுத்தார்.

"விலகியாச்சா?"

பதில் இல்லை. அதற்குள் மேகம் கலைந்து கண்ணாடியில் வெயில் அடித்ததில் முன்னால் ஒன்றும் தெரியவில்லை. உரக்கக் கேட்டுப் பார்த்தார். பிறகு கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். மாப்பிள்ளை எதையோ நிதானமாகத் துடைத்துக்கொண்டிருந்தார். தலையும் தோளும் பிளேடின் வீச்சுக்குள் இருந்தன.

மச்சான் சாவியை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். இறங்கும்போதுதான் புரிந்தது. இத்தனை நாளும் மாப்பிள்ளை குரலைக் கேட்டுப் பதில் சொல்லவில்லை; கண்ணாடி வழியே மச்சானின் உதட்டைப் பார்த்துச் சொல்லியிருக்கிறார். சொன்னது எதையும் காதில் வாங்குவதில்லை என்று தங்கை குறைப்பட்டபோது, தாலி கட்டின எல்லோருக்கும் அந்த வியாதி உண்டு என்று இவர் சிரித்திருந்தார்.

தோளைத் தொட்டு, முகத்துக்கு நேராக நின்று கேட்டார். "எவ்ளோ நாளா, மாப்ள?"

"இடது எப்பவோ போச்சு மச்சான். வலது இப்பத்தான்." மாப்பிள்ளை கையைத் துணியில் துடைத்தார். "அவகிட்ட சொல்லிடாதீங்க."

அவரை இறக்கை ஓரத்தில் நிறுத்திவிட்டு மச்சான் என்ஜினை ஓட்டினார். முள் மயிரிழை ஏறி விழுந்தது. மறுபடி கிளப்பியதும் பால் குடித்த பூனை மாதிரி என்ஜின் சீராக உறுமியது.

மதியச் சாப்பாடு மச்சானுக்கு இறங்கவில்லை. முதலாளியிடம் சொன்னால் தங்கை வீட்டு அடுப்பில் கைவைத்த மாதிரி. சொல்லாவிட்டால் என்றைக்காவது அவள் தாலியில். கடைசியில் முதலாளி அறைக்குப் போனார். மாப்பிள்ளையை என்ஜின் பக்கம் விடாமல் டயர், பிரேக், பெயின்ட் என்று ஏதாவது கொடுக்கும்படி கேட்டார். வாழ்நாளெல்லாம் இந்தச் சத்தத்துக்குப் பக்கத்திலேயே நின்ற காது என்றும் சொன்னார்.

முதலாளி கோபப்படவில்லை. "வயசானா காது மந்தமாகிறது சகஜந்தானே. நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா யார் பதில் சொல்றது? நல்லவேளை, நீங்களே வந்து சொன்னீங்க" என்றார். மாப்பிள்ளையை வரவழைத்தார்.

வெளியே ஒரு விமானம் உருண்டு போய்க்கொண்டிருந்தது. முதலாளி மேஜையைப் பார்த்தபடி, இப்படிப்பட்ட விஷயத்தைச் சொல்ல வேண்டிய தணிந்த குரலில், இந்த மாதத்தோடு நின்றுகொள்ளலாம் என்று சொல்லி முடித்தார்.

முதலாளியின் குனிந்த தலையை மாப்பிள்ளை பார்த்தார். பிறகு மச்சானைப் பார்த்தார். மச்சானும் தலையைக் குனிந்துகொண்டார்.

"சரிங்க" என்று மாப்பிள்ளை சிரித்தார். "சாயங்காலத்துக்குள்ள முடிச்சுடறேன்."

கருவிப் பெட்டியை எடுத்துக்கொண்டு, அடுத்து நின்ற விமானத்தை நோக்கி நடந்தார்.